அம்மிணி ஒன்றும் செய்யாது

கோமதி: மாமா, எங்கள் அடுக்களை ஜன்னல் வழியாகப் பூனையை உள்ளே விட்டது நீங்கள்தானா?

பொன்னையா மாமா: நன்றியெல்லாம் எதற்கு, கோமதி? உன் வீட்டில் மூன்று எலிகள் இருப்பதாகப் பால்காரர் சொன்னார். அம்மிணியைப் போல் எலி பிடிக்கும் பூனை இந்தப் புளியரையிலேயே கிடையாது. அதன் தாய் ஆரியங்காவில் ஒரு ரப்பர் கிடங்கையே தனியாகக் காவல் காத்தது.

கோமதி: அந்த மூன்றும் நான் கூண்டு வாங்கி, பெயர் வைத்து வளர்க்கும் எலிகள்.

மாமா: வளர்க்கிறாயா? அப்படியானால் கவலைப்படாதே. அம்மிணி ஒன்றும் செய்யாது.

கோமதி: சற்று முன்புவரை அது புளியரைக்கே பெரிய வேட்டைக்காரியாக இருந்ததே?

மாமா: அது வெளி எலிகளிடம். இவை நம் வீட்டு எலிகள் என்று ஒரு முறை எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்ளும்.

கோமதி: காலையிலிருந்து கூண்டின் முன்னால் வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. உள்ளே ஒன்றின் கண்ணோரம் சிவப்பாக வடிந்திருப்பதைக் குனிந்து பாருங்கள். அது இரத்தம் அன்று. எலி அஞ்சினாலும் நோயுற்றாலும் கண்ணில் கசியும் போர்ஃபிரின் என்னும் நிறமி.

மாமா: அம்மிணியைக் கண்ட ஆனந்தக் கண்ணீராக இருக்கலாம். கூண்டுதான் இருக்கிறதே, அதற்குள் அம்மிணி எப்படிப் போகும்?

கோமதி: கம்பிகளுக்கு நடுவே அரை அங்குலம் இடைவெளி. எலி வெளியே வராமலிருக்க அது போதும். பூனையின் நகம் உள்ளே போகாமலிருக்க அது போதாது.

மாமா: ஒரு சின்னக் கீறலுக்கு மஞ்சள் வைத்தால் ஆறிவிடும். எப்படியும் அம்மிணி ஒன்றும் செய்யாது.

கோமதி: பூனையின் வாயில் பாஸ்டுரெல்லா என்னும் பாக்டீரியா இருக்கிறது, மாமா. ஊசி போன்ற பல் பட்ட இடம் மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கும் என்பதால், அன்றைக்கே ஆன்டிபயாடிக் கொடுத்தாக வேண்டும். கால்நடை மருத்துவர் வாசலில், சினை மாட்டுக்கும் கிடாய்க்கும் நடுவே, கையில் எலியை ஏந்தி நிற்பவளின் பாடு உங்களுக்குத் தெரியாது.

மாமா: படித்தவள் இப்படிப் பயப்படலாமா? நியூயார்க்கில் ஒரு கழிவுக் கிடங்கில் கேமரா வைத்துப் பார்த்து 2018இல் எழுதியிருந்தார்களே, அங்கே திரிந்த பூனைகள் 79 நாட்களில் கொன்றது வெறும் இரண்டு எலிகளைத்தான்.

கோமதி: என்னிடம் இருப்பவை மூன்று. அந்தக் கணக்குப்படி எனக்கு ஒன்று மிஞ்சும்.

மாமா: அந்தப் பூனைகளை யாரும் வளர்க்கவில்லை. அம்மிணி வளர்ந்த இடம் வேறு.

கோமதி: ரப்பர் கிடங்கு. மாலையில் எலிகளைக் கூடத்தில் ஓடவிடுவதற்காக டிவி ஒயரைக் குழாய்க்குள் விட்டேன், பீரோவின் அடியைப் பலகையால் அடைத்தேன், சாய்வு சோபாவை மடக்கும்போது எலி நசுங்கிவிடும் என்று அதை விற்றே விட்டேன். அத்தனை ஆபத்தையும் யோசித்தவளுக்கு, ஜன்னல் வழியாகப் பூனையை இறக்கும் பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் தோன்றவில்லை.

மாமா: உன் எலிகளைத் தாராளமாக எங்கள் வீட்டிலும் ஓடவிடு. நெல் மூட்டைக்கு அடியில் வைத்த மருந்துக் கட்டியை மட்டும் தின்னாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கோமதி: அம்மிணி இருக்கும் வீட்டில் எலி மருந்து எதற்கு?

மாமா: அம்மிணிக்கு இப்போதெல்லாம் ஓட முடிவதில்லை.

கோமதி: அட்டையில் புரோமடியோலோன் என்று போட்டிருக்கிறதா?

மாமா: அப்படித்தான் ஏதோ போட்டிருந்தது.

கோமதி: எலியால் வாந்தி எடுக்க முடியாது, தின்றது உள்ளேயேதான் இருக்கும். அந்த மருந்து இரத்தத்தை உறையவிடாமல் செய்து, சில நாட்கள் கழித்துத்தான் கொல்லும். அதுவரை அந்த எலி தள்ளாடிக்கொண்டு திரியும். உங்கள் அம்மிணியால் பிடிக்க முடிந்த எலி அது ஒன்றுதான், மாமா. அதைத் தின்றால் நஞ்சு அம்மிணிக்கும் போகும்.

மாமா: ஐயோ! இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? நான் போய்க் கட்டியையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு வருகிறேன்.

கோமதி: மாமா, பூனை!

மாமா: அது இங்கேயே இருக்கட்டும், கோமதி. மருந்தை எடுத்து முடிக்கும் வரை அதற்கு உன் வீடுதான் பத்திரம். உன் எலிகள் அதை ஒன்றும் செய்துவிடாதே?