எத்தனை எச்.பி. வேணும்?

(கோயமுத்தூர், கணபதி. ராத்திரி ஒன்பது மணி. பாப்பா இப்போதுதான் தூங்கியிருக்கிறாள், அதனால் பேச்செல்லாம் குசுகுசுதான். தங்கவேலுக்கு ஒரு பம்ப்செட் கம்பெனியில் அசெம்பிளி வேலை. இந்த ஊரில் தெருவுக்கு ஒருத்தர் அப்படி இருப்பார். கோகிலா மில் ஸ்பேர்ஸ் விற்கிற ஒரு ஆபீசில் கணக்கு பார்க்கிறாள். 26 வாரப் பிரசவ லீவு இந்த ஞாயிறோடு தீர்கிறது.)

கோகிலா: ஏனுங் மாமா, சித்த இங்க வாங்க. பம்ப் ஒண்ணு வாங்கோணும்.

தங்கவேல்: (முகமெல்லாம் பல்) அட, இதுக்கா இத்தன தயங்குன? எத்தனை எச்.பி. வேணும்? போர்வெல்லா, கெணறா?

கோகிலா: எனக்குங்க.

தங்கவேல்: உங்கப்பா தோட்டத்துக்கா? அங்க ஓடறது நல்லாத்தான இருக்குது?

கோகிலா: எனக்குன்னா எனக்கு! தாய்ப்பால் எடுக்கற பம்ப். திங்கக்கெழம ஆபீஸ் போகோணுமல்லங்க?

(தங்கவேல் சீலிங் ஃபேனைப் பார்க்கிறார். வெட்கப்படுவார் என்று நினைத்தால் அவரைத் தெரியாது என்று அர்த்தம். பம்ப் எந்த ரூபத்தில் வந்தாலும் அவருக்கு அது டியூட்டி.)

தங்கவேல்: செரி. சக்ஷன் எவ்வளவு? டெலிவரி எப்படி?

கோகிலா: டெலிவரி ஆகி அஞ்சரை மாசமாச்சுங்க. பில்லு கட்டுனதே நீங்கதான்.

தங்கவேல்: அதில்ல அம்மிணி. பம்ப்புன்னா முதல்ல அதைத்தான் கேக்கோணும். பட்ஜெட் என்ன?

கோகிலா: மூவாயிரம், மிஞ்சிப் போனா மூவாயிரத்து ஐநூறு. வெளிநாட்டுக் கம்பெனிதெல்லாம் பதினஞ்சாயிரத்துக்கு மேலயும் இருக்குது. உள்ளாடைக்குள்ளயே வெச்சுட்டு நடமாடற மாதிரி கூட வந்துருச்சாமா.

தங்கவேல்: சப்மெர்சிபிள்!

கோகிலா: (தலையில் கை வைத்து) மெதுவாப் பேசுங்க, பாப்பா எந்திரிச்சுக்கும்.

தங்கவேல்: நேத்து மருந்துக்கடைல பாத்தேன். கண்ணாடிக் குப்பி, பொறத்தால சைக்கிள் ஹாரனாட்ட ஒரு ரப்பர் பல்பு. எரநூறோ முந்நூறோ. அது ஆகாதா?

கோகிலா: அது மட்டும் வேண்டாமுங்க. பால் அந்த ரப்பருக்குள்ள போயி நின்னுக்கும். உள்ள கை விட்டுக் கழுவ முடியாது, காயவும் காயாது, கிருமிதான். இழுக்கற வேகமும் நம்ம கைக்கு அடங்காது. ஆஸ்பத்திரில நர்ஸம்மா அதைப் பாத்தாலே திட்டுவாங்க.

தங்கவேல்: அப்ப கையாலயே பீச்சிக்கலாமல்லோ? கரண்ட் செலவு மிச்சம்.

கோகிலா: அதுவும் நர்ஸம்மா சொல்லிக் குடுத்தாங்க, எனக்கு நல்லா வரும். காசே வேண்டாம், அவசர ஆத்தரத்துக்கு அதை அடிச்சுக்க ஒண்ணுமில்ல. ஆனா பகல் பூரா கம்ப்யூட்டர்ல தட்டீட்டு, நடுவுல மூணு தடவ இதையும் பண்ணுனா மணிக்கட்டு என்னத்துக்காகும்? கையில அழுத்தற மேனுவல் பம்ப்பும் அதே கதைதான். ஆயிரத்துச் சில்லறைக்கு நல்லதாவே கெடைக்குது, கரண்டும் வேண்டாம். வாரத்துல ஒரு நா கல்யாணங்காச்சின்னு வெளிய போறவங்களுக்கு அது போதும்.

தங்கவேல்: மூணு தடவையா? ஓனர் விடுவாரா?

கோகிலா: காலைல ஒருக்கா, மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவ எடுக்காட்டி எனக்கு மாரு கட்டிக்கும், பாலும் போகப் போகக் கொறஞ்சுரும். சட்டமே இருக்குதுங்க. கொழந்தைக்குப் பதினஞ்சு மாசம் ஆகற வரைக்கும் பால் குடுக்கறதுக்குன்னு ஒரு நாளைக்கு ரெண்டு பிரேக் தரோணும். 1961 சட்டத்துலயே வந்தது. சாப்பாட்டு நேரம் தனி.

தங்கவேல்: கொழந்தையைப் பாத்துக்க ரூம் வெக்கோணும்னு கூட ஏதோ சொன்னாங்களே?

கோகிலா: அது 50 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற எடத்துக்கு. 2017ல திருத்துனது. எங்க ஆபீஸ்ல டீ வாங்கற பையனச் சேத்தாலும் பதினெட்டுதான். பழைய லெட்ஜர் அடுக்கற ரூம் ஒண்ணு இருக்குது, அதைக் கேட்டிருக்கறேன். ஓனர் நல்லவருதான். "பாத்ரூம் இருக்குதல்லம்மா"ன்னாரு. "உங்க டிபனை அங்க வெச்சுத் திம்பீங்ளா சார்"னு கேட்டேன். மறுபேச்சே இல்ல, ரூம் சாவியக் குடுத்துட்டாரு.

(இதைக் கேட்டதும் தங்கவேலுக்குப் பெண்டாட்டியின் மேல் ஒரு புது மரியாதை. ஓனரிடம் அவர் கேட்டு வாங்கியது இதுவரை அட்வான்ஸ் மட்டும்தான்.)

தங்கவேல்: அப்ப மோட்டார் வெச்சதுதான் எடுக்கோணும். ஒத்தையா, ரெட்டையா?

கோகிலா: அங்கதாங்க கணக்கு. ஒத்தைன்னா ஒரு பக்கம் முடிச்சு அடுத்த பக்கம், அரை மணி நேரம் ஓடிரும். ரெட்டைன்னா பதினஞ்சு, இருவது நிமிஷத்துல வேலை தீந்துச்சு. இந்தாங்க, இதைப் பாருங்க. ஆயிரத்து நானூத்தித் தொண்ணூத்தொம்பது. ரெட்டை, ஒம்பது லெவல், வெளக்கெல்லாம் எரியுது.

தங்கவேல்: (போனை மூக்குக்குக் கிட்டே பிடித்து) இரு இரு. ஒரே மோட்டாரு, அதுல டீ ஜாயின்ட் போட்டு ரெண்டு லைன் இழுத்திருக்கறான். ஒரு பக்கம் லேசாக் காத்து புடிச்சாலும் ரெண்டு பக்கமும் சக்ஷன் போயிரும். பால் வந்துட்டே இருக்கறப்ப பொசுக்குன்னு நின்னா எப்படி இருக்கும் உனக்கு?

கோகிலா: ஐயோ.

தங்கவேல்: இதுல பால் மோட்டாருக்குள்ள போகாம தடுப்பு இருக்குதான்னு போட்டிருக்கறானா? எங்க கம்பெனில சீல் போனாத் தண்ணி காயிலுக்குள்ள எறங்கும், அப்பறம் ரீவைண்டிங்தான்.

கோகிலா: அதுக்குப் பேரு குளோஸ்டு சிஸ்டமுங்க. நடுவுல ஒரு சவ்வு இருக்கும், பால் ட்யூப் பக்கம் போகாது. அது இல்லாட்டி ட்யூப்லயும் மோட்டார்லயும் பால் போயி பூசணம் புடிச்சுக்கும், கழட்டிக் கழுவவும் வழியில்ல.

தங்கவேல்: பாத்தியா! வெளக்கு எரியறதக் காட்டி விக்கறான். உள்ள ஒண்ணுமில்ல. (குரலைத் தாழ்த்தி) ஏன் கோகிலா, எங்க அக்கா வீட்டுல ஒண்ணு சும்மாதான கெடக்குது? செலவே இல்லாம...

கோகிலா: உங்க அக்கா பயன்படுத்துனது. வேண்டாமுங்க. வீட்டுக்குன்னு வாங்கறது ஒரே ஆளுக்குத்தான். மேல மாட்டறத எல்லாம் புதுசு வாங்குனாலும் மோட்டாருக்குள்ள என்ன போச்சுன்னு ஆருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரில வாடகைக்கு வெச்சிருக்கற பெரிய மெஷின் வேற. அது பல பேரு பயன்படுத்தறதுக்குன்னே செஞ்சது, ஆளாளுக்குத் தனி செட்டு.

தங்கவேல்: இதையெல்லாம் ஆரு கண்டுபுடிச்சது?

கோகிலா: கரண்டு பம்ப்புக்கு 1920கள்ல அமெரிக்காவுல பேடன்ட் வாங்குனவரு ஒரு செஸ் வெளையாட்டுக்காரருங்க. எட்வர்ட் லஸ்கருன்னு பேரு. இன்ஜினியருமாம்.

தங்கவேல்: அதான் ஒவ்வொரு இழுப்புக்கும் யோசிச்சு யோசிச்சு இழுக்குதா?

கோகிலா: யோசிச்சுத்தான் இழுக்கோணும். ஆரம்பத்துல லேசா, வேக வேகமா இழுக்கும். பாப்பாவும் வாய் வெச்ச ஒடனே அப்படித்தான் சப்புவா. பால் எறங்குனதுக்கப்பறம் மெதுவா, ஆழமா.

தங்கவேல்: (எழுந்தே நின்றுவிட்டார்) ப்ரைமிங்! இது ப்ரைமிங் அம்மிணி! பம்ப்புல மொதல்ல தண்ணி நெரப்பாம ஓட்டுனா வெறுங்காத்துதான் வரும்னு பத்து வருசமா நான் சொல்லீட்டிருக்கறேன், ஒருத்தனும் கேக்கறதில்ல!

கோகிலா: உக்காருங்க. பாப்பா.

தங்கவேல்: (உட்கார்ந்து) செரி, சக்ஷன் எச்சா இருக்கறதா வாங்கலாம். எச்சா இழுத்தா எச்சாப் பால்.

கோகிலா: இல்லீங்க. வலிச்சாப் பால் எறங்கவே எறங்காது, காம்பும் புண்ணாயிரும். ஒடம்புக்கு வசதியா இருக்கற அளவோட நிறுத்திக்கோணும். அதவிட முக்கியம் மேல வெக்கற புனல் அளவு. பெட்டில பெரும்பாலும் 24 மில்லிமீட்டர்தான் வெச்சுக் குடுக்கறாங்க. எல்லாருக்கும் அது சேராது. பெருசாப் போனா சுத்தி இருக்கற சதையையும் சேத்து இழுக்கும், சின்னதாப் போனா உரசும்.

தங்கவேல்: அளவுன்னா என்கிட்ட விட்டுரு. வெர்னியர் டூல் பாக்ஸ்லயே இருக்குது, எடுத்துட்டு...

கோகிலா: மாமா.

தங்கவேல்: பாயின்ட் நாட் டூ வரைக்கும் துல்லியமா...

கோகிலா: அந்த இரும்பை எடுத்துட்டு இந்தப் பக்கம் வந்தீங்கன்னா உங்களுக்கு நாளைக்குச் சோறு கெடையாது. காகிதத்துல ஸ்கேல் வரைஞ்சு நானே பாத்துட்டேன். எனக்கு 21 சரியா இருக்கும். 24க்குள்ள சொருகற மாதிரி சிலிக்கான்ல தனியா விக்கறாங்க.

தங்கவேல்: அதுக்கு ஏன் காசு? நம்ம பட்டறைல நைலான்ல கடைஞ்சு தாரேன், மேல ஒரு பாலிஷ்...

கோகிலா: மாமா!

(இரண்டு நிமிடம் அமைதி. தங்கவேல் போனில் விறுவிறுவென்று தள்ளுகிறார். ஆட்கள் எழுதிய நிறைகுறை எதையும் படிக்கவில்லை. நேராக அடியில் போய், உதிரி பாகம் தனியாக விற்கிறார்களா என்று மட்டும் பார்க்கிறார். எனக்கென்னவோ அவர் பார்க்கிற இடம்தான் சரி என்று படுகிறது.)

தங்கவேல்: இது பாரு. மூவாயிரத்து எரநூறு. ரெட்டை, பக்கத்துக்கு ஒரு மோட்டாரு. அந்தச் சவ்வு இருக்குது. சார்ஜ் போட்டுக்கலாம், லெட்ஜர் ரூம்ல ப்ளக் பாயின்ட் இல்லாட்டியும் ஓடும். ஒரு வருச வாரண்டி. வால்வு, சவ்வு, ட்யூப், நீ சொன்ன 21 சொருகல் எல்லாம் தனித்தனியாக் கெடைக்குது. அந்த வெளக்கு எரிஞ்சவன்கிட்ட ஒரு வால்வு கூட இல்ல. ஸ்பேர் கெடைக்காத பம்ப்பு வாங்குன அன்னைக்கே பழைய இரும்பு.

கோகிலா: வால்வு அவ்வளவு முக்கியமுங்களா?

தங்கவேல்: உசுரே அதுலதான். ரப்பர் வாய் கொஞ்சம் தளந்துச்சுன்னா மூடாது, மூடாட்டி சக்ஷன் இல்ல. சனங்க என்ன பண்ணும்? மோட்டார் போச்சும்பாங்க. நீங்க என்ன பண்ணுவீங்க? எனக்குப் பால் வத்திப் போச்சும்பீங்க. ரெண்டும் பொய், வால்வுதான் போயிருக்கும். கூடவே ஒரு ஜோடி வாங்கி வெச்சுரு.

கோகிலா: (நிஜமாகவே வியந்து) செரிங்க மாமா.

தங்கவேல்: அப்பறம் ஸ்டோரேஜ் டேங்க்?

கோகிலா: மூடி போட்ட டப்பா, தேதி நேரம் எழுதி ஒட்டோணும். ஐஸ் பேக் வெச்ச பையில ஒரு நாள் தாங்கும். வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜ்ல உள்பக்கமா வெச்சா நாலு நாள், கதவுல வெக்கக் கூடாது. வெளிய வெச்சா 25 டிகிரில நாலு மணி நேரம்னு சொல்றாங்க.

தங்கவேல்: கோயமுத்தூர்ல 25 டிகிரி மார்கழிலதான் வரும்.

கோகிலா: அதனாலதான் பை. பால்புட்டி வேண்டாமுங்க, அதுக்கு விளம்பரமே பண்ணக் கூடாதுன்னு 1992லயே சட்டம் போட்டாங்க. அத்தை பாலாடையிலயே குடுத்துருவாங்க, உங்களையே சங்குல வளத்தவங்கதான. ஒண்ணே ஒண்ணுதான் பயம்.

தங்கவேல்: என்னது?

கோகிலா: அத்தை பாலைக் கண்டா அடுப்புல ஏத்திப் பொங்க வெச்சுருவாங்க. காய்ச்சவே கூடாது. வெதுவெதுன்னு இருக்கற தண்ணிக்குள்ள டப்பாவை வெச்சாப் போதும். இதை நீங்கதான் அவங்ககிட்டச் சொல்லோணும்.

தங்கவேல்: (வெளிறி) அம்மாகிட்டயா? பாலைக் காய்ச்ச வேண்டாம்னா? அதுக்கு நான் உங்க ஓனர்கிட்டப் பேசிருவேன்.

(சனிக்கிழமை சாயங்காலம். பார்சல் வந்துவிட்டது. கோகிலா பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். உள்ளறையில் இருந்து ஒரு முனகல்.)

தங்கவேல்: கோகிலா... சித்த வர்றியா...

கோகிலா: (பாப்பாவைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து) என்ன பண்ணி வெச்சிருக்கறீங்க?

தங்கவேல்: டெஸ்டிங். முழங்கைகிட்ட வெச்சு ஒம்பதாம் நம்பர் போட்டேன். விட மாட்டீங்குது.

கோகிலா: இழுக்காதீங்க! ஓரத்துல வெரலை விட்டுக் காத்தை உள்ள விடுங்க. மொதல்ல ஆஃப் பண்ணுங்க. (புனல் 'பொளக்' என்று விடுகிறது. கையில் வட்டமாக, செக்கச்செவேலென்று ஒரு முத்திரை.)

தங்கவேல்: எப்பா! எச்சா இழுத்தா எச்சாப் பால்னு சொன்னவன் எவன்?

கோகிலா: நீங்கதான். நான் ரெண்டு, மூணு நம்பருக்கு மேல போகவே மாட்டேன்.

தங்கவேல்: திங்கக்கெழம கம்பெனில இதென்னன்னு கேட்டா நான் என்ன சொல்றது?

கோகிலா: பம்ப்பை ஓட்டிப் பாக்கற டெஸ்ட் பெட்ல நின்னேன்னு சொல்லுங்க. இப்பப் போயி எல்லாத்தையும் கழட்டிச் சோப்புத் தண்ணில கழுவி, அஞ்சு நிமிஷம் கொதிக்க வெச்சு எடுங்க. ட்யூபையும் மோட்டாரையும் அதுல போட்டுராதீங்க.

தங்கவேல்: எனக்கே பாடமா? ஒரு நாளைக்கு நாப்பது பம்ப்பு அசெம்பிள் பண்றவன்.

(சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம். பிறகு 'ஐயையோ'. பிறகு குழாயை அவசரமாக மூடும் சத்தம். பிறகு கரண்டியால் எதையோ நோண்டும் சத்தம்.)

தங்கவேல்: (உள்ளிருந்தே, மிகவும் பணிவாக) அம்மிணி... அந்த ஸ்பேர் வால்வை எங்க வெச்ச?