தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் ஹீட் பிரச்சினை தீராது

"பழைய டீசல் பிக்கப் ஹீட் ஆகிறதா, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுங்கள், நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை" என்று நண்பர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் இதைச் செய்துவிடாதீர்கள்.

தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் தண்ணீர் சூடேறியதும், அதை ஆற்றும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்துவிடும் வால்வு. பல இன்ஜின்களில் அது அந்த வழியைத் திறக்கும்போதே, தண்ணீர் நேராக இன்ஜினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் பைபாஸ் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சூடாகவே இன்ஜினுக்குத் திரும்பும். காலி வண்டியில் ஹீட் மீட்டர் முள் கீழேயே நிற்பதால் சரியாகிவிட்டது என்று தோன்றும். லோடு ஏற்றிக்கொண்டு திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதுதான் உண்மை தெரியும். சூடேறாமல் ஓடும் இன்ஜின் டீசலையும் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டரின் உள்சுவரான லைனரும் சீக்கிரம் தேயும்.

சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே சோதிக்கலாம். கழற்றி நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் படாமல் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். அதன் மேலேயே 82 போல ஓர் எண் (டிகிரி செல்சியஸ்) பொறித்திருக்கும். அந்தச் சூட்டை ஒட்டி மெல்லத் திறக்கத் தொடங்கி, தண்ணீர் கொதிக்கும்போது நன்றாக விரிந்திருக்க வேண்டும். திறக்கவில்லையா, புதிது போடுங்கள்.

திறந்தால் கோளாறு வேறு இடத்தில். ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் எல்லாம் பாருங்கள். அப்புறம், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது மட்டும் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.