சிஆர்பி ஏறினால் டிஸ்க் ஆபரேஷன் தோல்வியா?

"முதுகுத்தண்டு டிஸ்க் ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி ஏறியிருந்தால் உள்ளே சீழ் பிடித்துவிட்டது, ஆபரேஷன் தோல்வி" என்று தர்மபுரி, பாலக்கோடு பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு. தக்காளிக் கூடை தூக்கித் தூக்கி முதுகு போன எங்கள் பெரியப்பா ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது இதைப் படித்துவிட்டு, ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இருந்த அந்த எண்ணையே விரலால் தடவிக்கொண்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

சிஆர்பி என்பது உடலில் அழற்சி வந்தால் கல்லீரல் கூடுதலாகச் சுரக்கும் ஒரு புரதம். தோலையும் தசையையும் வெட்டினாலே அது ஏறும். இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், அப்புறம் இறங்கி, பெரும்பாலானவர்களுக்கு இரண்டு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான இஎஸ்ஆர் இறங்க இன்னும் சில வாரம் ஆகலாம். அதனால் ஒரு நாள் எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. இறங்கிக்கொண்டிருந்தது திரும்ப ஏறுகிறதா, கூடவே காய்ச்சல், தையலில் நீர்க்கசிவு, கூடிக்கொண்டே போகும் வலி இருக்கிறதா என்றுதான் டாக்டர் பார்ப்பார்.

"சிஆர்பி நார்மல் என்றால் வலி வெறும் நினைப்பு" என்று அதே செய்தியில் இருக்கும் வரியைப் பார்த்துத்தான் எனக்கு ரொம்பக் கோபம் வந்தது. பிதுங்கிய ஜவ்வு (டிஸ்க்) நரம்பை அழுத்துவதோடு அந்த இடத்தில் அழற்சியையும் கிளப்பும். அது ரத்தப் பரிசோதனையில் தெரியாமலே போகலாம், வலி நிஜம். கால் துவண்டாலோ, சிறுநீர் போக முடியாமல் நின்றாலோ, ரிப்போர்ட் நார்மல்தானே என்று வீட்டில் இருக்காதீர்கள், ராத்திரியானாலும் சரி, 108-ஐ அழைத்து உடனே கிளம்புங்கள்.