அஞ்சரை மணி குரூப்பும் இழுத்து மூடின லீக்கும்

எங்க வாட்ஸப் குரூப்புக்குப் பேர் 'அஞ்சரை மணி'. 2018 ஜனவரியில் ஆரம்பிச்சது, மொத்தம் 7 பேர். ஓவர்வாட்ச்ங்கறது பிளிசார்ட் கம்பெனியோட கம்ப்யூட்டர் ஆட்டம், ரெண்டு டீம் மோதற துப்பாக்கிச் சண்டை. அதைத் தொழிலா ஆடறவங்களுக்கு அந்தக் கம்பெனி நடத்தினதுதான் ஓவர்வாட்ச் லீக். லீக் ஆட்டம் கலிஃபோர்னியாவில் சாயங்காலம் 4 மணிக்குத் தொடங்கும். அப்போ காட்பாடியில் மறுநாள் விடியற்காலை அஞ்சரை. மார்கழிப் பனியில் என் கேமிங் சென்டர் ஷட்டரைப் பாதி தூக்கி, குனிஞ்சு உள்ளே போய், ஒரே ஒரு மானிட்டரைப் போட்டுப் பார்ப்போம். முழுசா தூக்கினா பால் வாங்க வர்றவங்க நின்னுடுவாங்க. "இன்னாப்பா, இந்நேரத்துக்கே ரம்மியா?"

2023 நவம்பரில் லீக்கை மூடறாங்கன்னு சேதி வந்தது. குடியாத்தம் தம்பி ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டான், பேச்சே இல்லை. வாணியம்பாடி பாய் "நான் 2019லயே சொன்னேன்" என்று ஆரம்பிச்சார். சத்துவாச்சாரிக்காரன் மட்டும் துக்க வீட்டு வாசலில் கேட்கிற மாதிரி "எப்ப எடுக்கறாங்க?" என்றான். சிரிச்சோம். அன்னைக்கு ராத்திரி அவன்தான் ஒரு மணி வரைக்கும் பழைய கிளிப்பா அனுப்பிக்கிட்டே இருந்தான்.

உலகம் பூரா இதே மூணு குரல்தான் கேட்டது. மௌனம், 'அப்பவே சொன்னேன்', கேலிக்குள்ளே ஒளிச்சு வெச்ச அழுகை. காரணம் சொல்லாதவங்களே கிடையாது. கேம் நேரலைக்குன்னே இருக்கிற ட்விட்ச் தளத்தை விட்டு 2020ல் யூட்யூபுக்குப் போனதுதான் தப்பு என்றார்கள் சிலர். மூணு டேங்க் (முன்னாடி நின்னு அடி தாங்கறவங்க), மூணு சப்போர்ட் (கூட ஆடறவங்களைத் தேத்தி விடறவங்க) என்று எல்லா டீமும் ஒரே மாதிரி ஆடின அந்த வருஷமே பாதிப் பேர் பார்க்கிறதை விட்டுட்டாங்க என்றார்கள் வேற சிலர். பட்ட காலிலே படும் என்பது சரிதான். டீம்கள் அவங்கவங்க ஊருக்குப் போய் ஆடறதா இருந்த 2020ல் கொரோனா வந்தது. 2021ல் பெண் ஊழியர்களை நடத்தின விதத்துக்காகக் கலிஃபோர்னியா அரசு பிளிசார்ட் கம்பெனி மேல வழக்குப் போட்டதும் ஸ்பான்சர்கள் மெதுவாக் கழன்றுக்கிட்டாங்க. 2023 ஜனவரியில் சீனாவில் ஆட்டத்தை நடத்திக்கிட்டிருந்த நெட்ஈஸ் கம்பெனி கூட இருந்த ஒப்பந்தம் முடிஞ்சு அங்கே சர்வரே நின்னு போச்சு.

எல்லாம் நடந்ததுதான். ஆனா எனக்கு உறுத்தறது வேற.

நம்ம ஊரைப் பத்தி ஒரு பழைய கிண்டல் உண்டு, வேலூர்க்காரங்களுக்குத் தெரியும். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. (ஜலகண்டேஸ்வரர் 1981லயே கோயிலுக்குத் திரும்பிட்டார். கிண்டல் மட்டும் போகலை.) அந்த லீக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். லண்டன், சியோல், ஷாங்காய், டல்லாஸ் என்று ஊர் பேர். ஆனா முதல் வருஷம் 12 டீமும் ஆடினது லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல பர்பேங்க்கில், ஒரே அரங்கத்தில். 2018ல் கப் ஜெயிச்ச லண்டன் டீமில் ஆடினவங்க எல்லாரும் கொரியாக்காரப் பசங்க. அது தப்பில்லை, அருமையா ஆடினாங்க. ஆனா அந்த ஊர் பேரை ஒட்டிக்கிறதுக்கு ஒரு டீம் முதலாளி கொடுத்ததாப் பத்திரிகைகளில் வந்த தொகை 2 கோடி டாலர். அன்னைக்கு நம்ம கணக்கில் 130 கோடி ரூபாய் பக்கம். ஊரே இல்லாத பேருக்கு அவ்வளவு. அமெரிக்கக் கால்பந்து டீம் வெச்சிருக்கிற ராபர்ட் கிராஃப்ட் மாதிரி ஆளுங்களே பணம் போட்டப்போ, நாமளும் இது நிக்கும்னு நம்பினோம். பெரிய மனுஷன் பந்தல் போட்டா கல்யாணம் நிச்சயம்னு நினைக்கிற புத்திதானே நமக்கு.

நான் எந்த டீம்னு கேப்பீங்க. ஷாங்காய் டிராகன்ஸ். முதல் சீசனில் 40 ஆட்டம், 40 தோல்வி. விளையாட்டாச் சொல்லலை, நிஜம். லீக்கில் ஆடின முதல் பெண்ணான கெகூரியும் அந்த வருஷம் இந்த டீமில்தான் சேர்ந்தாங்க. அடுத்த சீசனிலும் முதல் 2 ஆட்டம் போச்சு. ஆக வரிசையா 42. 2019 பிப்ரவரியில் பாஸ்டன் டீமை அடிச்சாங்க பாருங்க, அன்னைக்குக் காலையில் ஷட்டரை முழுசா தூக்கிட்டேன். டீக்கடை அண்ணன் ஓடி வந்து "யாருக்குப்பா இன்னா ஆச்சு?" என்றார். 7 பேருக்கும் டீ சொன்னேன். ஷாங்காய் ஜெயிச்சதுக்குக் காட்பாடியில் டீ எதுக்குன்னு அவருக்குக் கடைசி வரைக்கும் விளங்கலை. அதே டீம் 2021ல் கப் அடிச்சது. எந்த முதலாளி பணமும் அந்த 42க்கு அப்புறம் வந்த ஒரு காலையை வாங்கியிருக்க முடியாது. 'அந்த லீக்கே ஒரு மோசடி, பார்த்தவன் முட்டாள்'னு இப்போ எழுதறவங்க மேல எனக்குக் கோபம் வர்றது இதனாலதான்.

எங்க மாமா அணைக்கட்டு பக்கம். எருது விடற வீட்டுக்காரர். நம்ம பக்கத்து எருது விடும் விழாவில் காளையை யாரும் புடிக்கிறது இல்லை. அவிழ்த்து விட்ட இடத்திலேர்ந்து எல்லை வரைக்கும் எத்தனை செகண்டில் ஓடுதுங்கறதுதான் கணக்கு. 2014ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் எல்லாம் நின்னப்போ மாமா காளையை விக்கலை. தொழுவத்தில் கட்டி, பருத்திக்கொட்டை வெச்சு, விடிகாலையில் ஏரிக்கரையில் தனியா ஓட்டிக்கிட்டு இருந்தார். 2017ல் சட்டம் வந்து வாடிக்குப் போனப்போ காளை தயாரா இருந்தது. அவர் காளை, அவர் தொழுவம், ஊர்த் தெரு. நிறுத்தி வைக்க முடிஞ்சது, பிடுங்கிட்டுப் போக முடியலை.

ஓவர்வாட்சில் அப்படி எது நம்ம கையில் இருந்தது? 2016ல் காசு கொடுத்து வாங்கின ஆட்டம். பக்கத்துக்கு 6 பேர். 2022 அக்டோபரில் இரண்டாம் பாகம் வந்ததும் அது 5 பேர் ஆட்டமா மாறிடுச்சு, பழைய சர்வரை நிறுத்திட்டாங்க. பழையதை நாங்க எங்களுக்குள்ளே ஆடிக்கறோம்னு சொல்லக்கூட வழியில்லை. பாலாத்து மணலில் கிரிக்கெட் ஆட யார்கிட்டயும் கேக்க வேண்டாம். இங்கே மட்டையும் பந்தும் மைதானமும் ஒரே கம்பெனியோடது. லீக் மூடினது அப்புறம். நாம குடக்கூலிக்காரங்க என்பது அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே தெரிஞ்சு போச்சு.

கொரியாவில் ஸ்டார்கிராஃப்ட்டுக்கும் இந்தச் சண்டை நடந்தது. 1998ல் வந்த ஆட்டம், டிவி சேனல் வெச்சு ஆடினாங்க. இது பொதுச் சொத்து மாதிரி என்றது அங்கே உள்ள இ-ஸ்போர்ட்ஸ் (கம்ப்யூட்டர் ஆட்டப் போட்டி) சங்கம், என் சொத்து என்றது இதே பிளிசார்ட் கம்பெனி. 2011ல் சமரசம் ஆச்சு. அதுக்குள்ளே ஆட்ட மோசடி வழக்கும் வந்து பேரைக் கெடுத்துடுச்சு. ஒவ்வொண்ணா மூடி, 2016ல் டீம்கள் மோதற புரோலீக்கும் போச்சு. ஆனா ரிட்டயர் ஆன பழைய ஆட்டக்காரங்க வீட்டிலேர்ந்து அஃப்ரீகா டிவிங்கற நேரலைத் தளத்தில் ஆட ஆரம்பிச்சு, ஜனம் கூடி, அதிலேர்ந்தே புதுசா ஒரு லீக் முளைச்சது. அந்தப் பழைய ஆட்டத்தை இன்னைக்கும் ஆடறாங்க.

இனி பணக் கணக்கு. மூடும்போது விலகற ஒவ்வொரு டீமுக்கும் 60 லட்சம் டாலர், அதாவது 50 கோடி ரூபாய் பக்கம், கிடைக்கும்னு கணக்கு வெளியே வந்தது. முதலாளிகளுக்கு நஷ்டம்தான், ஒத்துக்கறேன். ஆனா நஷ்டத்துக்கு ஒரு ஈடு எழுதி வெச்சிருந்தாங்க. 17 வயசில் படிப்பை விட்டுட்டு வந்தவன், ராத்திரி முழுக்க கேமரா கோணம் மாத்திக்கிட்டு இருந்தவங்க, வர்ணனை செஞ்சவங்க, இவங்களுக்கெல்லாம் நன்றின்னு ஒரு பதிவு.

நம்ம பசங்களுக்கு இது தூரத்து துக்கம் இல்லை. 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் போச்சு. அதோட இந்தியப் பதிப்பா வந்த பிஜிஎம்ஐ 2022 ஜூலையில் ஒரு நாள் சாயங்காலம் ஸ்டோரிலேர்ந்து காணாம போச்சு, 10 மாசம் கழிச்சுத் திரும்பி வந்தது. அங்கே கதவைச் சாத்தினது அரசாங்கம், கம்பெனி இல்லை. ஆனா வெளியே நின்ன பையனுக்கு என்ன வித்தியாசம்? டோர்னமென்ட்டை நம்பிப் பாலிடெக்னிக்கை விட்ட ஒரு பையனோட அம்மா என் கடைக்கு வந்து நின்னாங்க. "நீதான இவனைக் கெடுத்த?" என்னால பதில் சொல்ல முடியலை. 2025 ஆகஸ்ட்டில் வந்த மத்தியச் சட்டம் காசு வெச்சு ஆடறதைத் தடை பண்ணி, இ-ஸ்போர்ட்ஸைத் தனியா ஒரு போட்டி விளையாட்டுன்னு ஒத்துக்கிட்டது. நல்லதுதான். அந்த அம்மாகிட்ட அதைப் போய் விளக்கற தைரியம் எனக்கு இன்னும் வரலை. இந்த ஆட்டத்தை மட்டும் நம்பி யாரும் படிப்பை விடாதீங்கன்னு கடையில் எழுதி ஒட்டியிருக்கேன், அவ்வளவுதான்.

ஓவர்வாட்சிலேயே 2024லேர்ந்து யார் வேணும்னாலும் தகுதிச் சுற்றில் நுழையற மாதிரி புதுத் தொடர் நடக்குது. பெரிய பந்தல் இல்லை, நான் பார்த்தவரைக்கும் ஆட்டம் தரமா இருக்கு. அந்த வழிதான் நமக்கும் சரின்னு தோணுது. வேலூர் பேர் போட்டு ஜெர்சி அடிச்சு ஸ்பான்சர் தேடி ஒரு ஃப்ரான்சைஸ் ஆரம்பிக்கலாம்னு போன மாசம் ரெண்டு பேர் வந்தாங்க. வேண்டாம்னு அனுப்பிட்டேன். கோபிச்சுக்கிட்டாங்க.

இந்த ஞாயித்துக்கிழமை கடையில் போட்டி வெச்சிருக்கேன். நுழைவுக் கட்டணம் இல்லை. ஜெயிக்கிற டீமுக்கு ஆம்பூர் பிரியாணி, வாணியம்பாடி பாய் கொண்டு வர்றதாச் சொல்லியிருக்கார். 5 டீம் பேர் கொடுத்திருக்கு, இன்னும் 3 வேணும். கரண்ட் இருந்தா 10 மணிக்கு ஆரம்பம். ஹெட்செட் இருக்கறவங்க எடுத்துட்டு வாங்க, என்கிட்ட 4 தான் வேலை செய்யுது.