முப்படி ஆகிப்போன சமனிலி

"எழுத்துருச் சிக்கல்தான். சிம்பல் ஃபாண்ட்டை நிறுவிக்கொள்ளவும்." பழைய கோப்புல சூத்திரம் தப்பாத் தெரியுதுன்னு போட்ட புகார் டிக்கெட்டுக்கு வந்த பதில், ஒத்த வரி. டிக்கெட் மூடியாச்சு, கிளம்பியாச்சு.

எங்கய்யா போறீங்க, நில்லுங்க. நடந்தது என்னன்னு பார்த்தீங்களா? பழைய வேர்டு கோப்பு. உள்ளே வேர்டோட பழைய சூத்திரக் கருவியான ஈக்வேஷன் எடிட்டர் 3.0-ல அடிச்ச ஒரு வரி: எக்ஸ் ≥ 0. இதைவிட எளிமையான சமனிலி உலகத்துல இருக்கா? லினக்ஸ்ல, திறமூல எடிட்டர்ல திறந்தா வருது: எக்ஸ்³0. எக்ஸ் கியூப் இன்டு ஜீரோ! தேற்றத்தோட நிபந்தனையையே பெருக்கிப் பூஜ்ஜியமாக்கியாச்சு.

பிழைச் செய்தி ஏதாவது? ம்ஹூம். வெத்துக் கட்டமாவது வந்துச்சா? வந்திருந்தா கண்ணுல பட்டிருக்குமே. அழகா, சுத்தமா, அச்சுக்குப் போற லட்சணத்துல நிக்குது அந்த மூணு.

காரணம் ஒண்ணும் ரகசியம் இல்ல. சிம்பல் எழுத்துருவுக்குத் தனிக் குறியீட்டு வரிசை. அங்கே 179-ஆவது பைட்தான் ≥. சாதாரண ஆங்கில எழுத்து வரிசையான லத்தீன்-1-ல அதே 179, மேலே ஏறி உட்கார்ந்த மூணு. கோப்புக்குள்ள பொதிச்சு வெச்ச சூத்திரத்துல (ஓஎல்இ பொருள்) முன்னோட்டமா டபிள்யூஎம்எஃப்-ங்கிற விண்டோஸ் படக்கோப்பு ஒண்ணு இருக்குமே, அது பேருக்குத்தான் படம். உள்ளே இருக்கிறதெல்லாம் 'இந்த எழுத்துருவுல இந்த பைட்டை இந்த இடத்துல எழுது'ங்கிற கட்டளை. அந்த எழுத்துரு கணினியில இல்லையா? கைக்குக் கிடைச்ச இன்னொண்ணைச் சத்தமில்லாம மாட்டி விட்டுடும். 165, அதாவது முடிவிலி, யென் ஆகிடும். 163-ல இருக்கிற ≤, பவுண்டு. எல்லை மதிப்பு எடுக்க உட்கார்ந்தா அந்நியச் செலாவணிக் கணக்கு வருது! பகுதி வகையீட்டுக் குறி 182. அது பத்திக் குறியாகிடும். தொகையீடு, தலையில கோடு போட்ட ஓ. ஆல்பாவும் பீட்டாவும் சாதாரண ஏ, பி. காமா? ஜி-ன்னு கூப்பிடுங்க, திரும்பிப் பார்க்கும்.

எம்டி எக்ஸ்ட்ராங்கிற இன்னொரு கணிதக்குறி எழுத்துரு இல்லாட்டி இன்னும் கொடுமை. அதுல குறுக்குக்கோடு போட்ட ℏ உட்கார்ந்திருக்கிறதே எச் இருக்க வேண்டிய இடத்துல. எழுத்துரு மாறினதும் கோடு போயிடும், வெறும் எச் நிக்கும். குவாண்டம் கணக்குல 2π மடங்கு வித்தியாசம். "எழுத்துருச் சிக்கல்தான்"னு சொல்றவங்க அந்த 2π-யை எங்க வரவு வைப்பாங்களாம்?

நிறுவணுமாம்! விண்டோஸோட வர்ற எழுத்துருவைத் திறமூலப் பொதிக்குள்ள தூக்கிப்போட உரிமம் விடுமா? சரி, நம்ம கணினியில போட்டாச்சு. கோப்பைத் திறக்கிற அடுத்த ஆளு? அவருக்கு அடுத்தவர்? செய்ய வேண்டியது அதுவே இல்ல. டபிள்யூஎம்எஃப்-ல எழுத்துருப் பதிவிலேயே, எந்தக் குறியீட்டு வரிசைன்னு சொல்ற கேரக்டர்செட்னு ஒரு பைட் இருக்கு. அதுல 2-ன்னு இருந்தா சிம்பல் வகை. பைட்டை அப்படியே வரையாம, ஒரு 256 இடத்து அட்டவணை வழியா யூனிகோடுக்கு மாத்தி, ஓபன்சிம்பல் மாதிரி ஒரு எழுத்துருவுல வரைஞ்சா கதை முடிஞ்சது.

சூத்திரத்தை உருப்படியா வேற மென்பொருளுக்கு மாத்துற எண்ணம் இருந்தா முன்னோட்டத்தையே தொடக்கூடாது. அதே பொருளுக்குள்ள இருக்கிற 'ஈக்வேஷன் நேட்டிவ்' ஸ்ட்ரீமைத் திறங்க, முதல் 28 பைட் தலைப்பைத் தாண்டுங்க, அதுக்கப்புறம் எம்டிஇஎஃப், அதாவது சூத்திரத்தோட அசல் தரவு வடிவம். மூணாம் பதிப்புல ஒவ்வொரு டேக் பைட்டுக்கும் கீழ் நாலு பிட் பதிவு வகை, மேல் நாலு பிட் விருப்பங்கள். எழுத்துப் பதிவுல எழுத்துரு எண்ணோட 128 கூட்டி வெச்சிருக்கும். கழிக்க மறந்தா மறுபடியும் இதே கூத்து.

அந்த ஈக்வேஷன் எடிட்டரையாவது கேட்டுக்கலாம்னா, அதையும் பாதுகாப்பு ஓட்டைன்னு 2018 ஜனவரி அப்டேட்ல மைக்ரோசாஃப்ட் தூக்கிடுச்சு. 2017-ல அம்பலமான ஓட்டை எங்க இருந்துச்சு தெரியுமா? எழுத்துருப் பெயரை நீளம் பார்க்காம நகலெடுத்த இடத்துல. அதுவும் எழுத்துருச் சிக்கல்தான், டிக்கெட்டை மூடிடுங்க!

லிப்ரே ஆபீஸ்ல விருப்பங்களுக்குள்ள போய், ஏற்று/சேமி, மைக்ரோசாஃப்ட் ஆபீஸ், அங்கே மேத்டைப் (ஈக்வேஷன் எடிட்டரோட அண்ணன்) வரியில ஏற்றும்போது மாற்றுன்னு டிக் போடலாம். போடுங்க. அப்புறம் சமக்குறியில ஆரம்பிக்கிற ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி தலைகீழ் கேள்விக்குறி ஒண்ணு வந்து முறைக்கும். இடப்பக்கம் எதுவும் இல்லையாம், அதுக்குக் கோபம். வெத்து நெளிவு அடைப்பு {} ஒண்ணை முன்னாடி வெச்சு சமாதானப்படுத்தணும். [0, 1) மாதிரி ஒரு பக்கம் திறந்த இடைவெளிக்கு அடைப்புக்குறி ஜோடி சேரலைன்னு அடுத்த சண்டை. லெஃப்ட், ரைட் கட்டளை எழுதித் தீர்க்கணும்.

இவ்வளவு களேபரத்துலயும் அப்பழுக்கில்லாம வந்து சேர்ற சில குறிகள்ல ஒண்ணு: ±. ரெண்டு வரிசையிலும் அது 177. கூட்டணுமா கழிக்கணுமான்னே முடிவெடுக்காத அந்தக் குறி நம்பகமானதாம்! சிரிக்கத்தான் முடியுது.

அது கிடக்கட்டும், மவுஸோட நடுச்சக்கரத்தை அழுத்தினா ஒட்டணும்னு லினக்ஸுக்கு எவன்யா சொல்லிக்கொடுத்தது? கீழே உருட்டும்போது விரல் லேசா அழுந்தினா போதும், எங்கேயோ தேர்ந்தெடுத்து விட்ட பாதி முகவரி வந்து அணிக்கோவை நடுவுல குந்திக்குது. அதுக்கு ஒரு டிக்கெட் போடலாம்னா...