தீ வைப்பதும் காட்டறிவுதான்
ஆங்கிலேயர் கொண்டுவந்த தீத் தடையால்தான் காடுகள் பிழைத்தன என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையைப் பாருங்கள். அங்கே வாழும் பழங்குடிகளான சோளகர்கள் கோடை முற்றுவதற்கு முன்பே சருகுக்குச் சின்னதாகத் தீ வைப்பார்கள். தரையோடு ஓடி அணைந்துவிடும். 1974இல் அந்தக் காடு வனவிலங்குச் சரணாலயம் ஆன பிறகு அந்தத் தீ நின்றது. அப்புறம் என்ன, லாண்டானா என்கிற உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிவிட்டது (அழகுக்கென்று அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் ஆங்கிலேயர்தான்!), நெல்லி மரங்களில் ஒட்டுண்ணிச் செடியான புல்லுருவி ஏறிவிட்டது. தீ நின்றதுதான் காரணம் என்று சோளகர்கள் சொன்னதை ஆய்வாளர்கள் பிறகுதான் காதில் வாங்கினார்கள். அப்படியானால் பழசெல்லாம் நல்லதா என்று ஒரு நண்பர் கேட்கிறார். இல்லைதான். உண்ணிப் புதர் அடைத்துக் கிடக்கும் இடத்தில் இன்று கொளுத்தினால் மரமும் சேர்ந்து எரியும். முதலில் புதரை வெட்டி எடுக்க வேண்டும், அதற்கும் சோளகர்களைத்தான் கூப்பிட வேண்டும்.