ஃபங்ஷன் பாயிண்டரை காஸ்ட் செய்து கம்பைலரின் வாயை அடைக்காதீர்கள்

சி நிரல்களை மறுபார்வை செய்யும்போது, ஒரு ஃபங்ஷன் பாயிண்டர் (ஃபங்ஷனின் முகவரியை வைத்திருக்கும் மாறி) வேறு வகைக்கு காஸ்ட் செய்யப்பட்டிருப்பதை, அதாவது அதன் வகை வலிந்து மாற்றப்பட்டிருப்பதைக் கண்டால், அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடிவதில்லை. கம்பைலர் நியாயமாக எழுப்பிய ஓர் ஆட்சேபத்தை அடக்குவதற்காகவே அந்த காஸ்ட் பெரும்பாலும் அங்கே வந்திருக்கும் என்பதுதான் காரணம். தரவு பாயிண்டர்களை காஸ்ட் செய்வதில் காட்டும் எச்சரிக்கையைக்கூட நம்மில் பலர் இதில் காட்டுவதில்லை.

சி தரநிலை இங்கே தெளிவாகவே பேசுகிறது. ஒரு ஃபங்ஷன் பாயிண்டரை வேறொரு ஃபங்ஷன் பாயிண்டர் வகைக்கு மாற்றலாம். மீண்டும் பழைய வகைக்கே மாற்றினால் முதலில் இருந்த மதிப்பே கிடைக்கும். ஆனால், பொருந்தாத வகையில் வைத்திருக்கும் நிலையிலேயே அதன் வழியாக ஃபங்ஷனை அழைத்தால், நிரல் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மாற்றி வைத்துக்கொள்வது குற்றமல்ல, மாற்றிய வகையில் அழைப்பதே குற்றம்.

சி நூலகத்தின் வரிசைப்படுத்தும் ஃபங்ஷனான கியூசார்ட்டை எடுத்துக்கொள்வோம். பெயர்களின் பட்டியல் ஒன்று, அதாவது கேரக்டர் பாயிண்டர்களின் அரே ஒன்று, இருக்கிறது. அதை வரிசைப்படுத்த நினைப்பவர், ஒப்பிடும் ஃபங்ஷனாக, இரு சொற்களை எழுத்தெழுத்தாக ஒப்பிடும் ஸ்டிர்கம்ப்பை நேரடியாகக் கொடுக்கிறார். அது கேட்பது கேரக்டர் பாயிண்டர்கள், கியூசார்ட் எதிர்பார்ப்பதோ வகை குறிப்பிடாத வாய்ட் பாயிண்டர்களை ஏற்கும் ஃபங்ஷன். ஆகவே கம்பைலர் முணுமுணுக்கிறது. ஒரு காஸ்ட் போட்டதும் முணுமுணுப்பு அடங்கிவிடுகிறது. ஆனால் கியூசார்ட் அனுப்புவது பெயரின் முகவரியை அல்ல, அந்த முகவரி எழுதப்பட்டிருக்கும் அரே உறுப்பின் முகவரியை. எனவே ஸ்டிர்கம்ப் அங்குள்ள முகவரியின் பைட்டுகளையே எழுத்துகளாக எண்ணி ஒப்பிடுகிறது. வழக்கமான 64 பிட் கணினிகளில் அந்த முகவரியின் மேல் பைட்டுகள் பூஜ்யமாக இருப்பதால் ஒப்பீடு அங்கேயே நின்றுவிடும். நிரல் நொறுங்காது, பிழைச் செய்தியும் வராது, வரிசை மட்டும் தவறாக இருக்கும். சோதனைக்குக் கொடுத்த பெயர்கள் முன்பே அகர வரிசையில் எழுதப்பட்டிருந்தால், தற்செயலாகச் சரியான விடைகூட வந்துவிடலாம். கம்பைலர் சுட்டிக்காட்ட வந்த பிழை இதுவேதான்.

“அளவுருக்களின் எண்ணிக்கை மாறினாலும் ஓடத்தானே செய்கிறது” என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கிறேன். ஜிலிப் என்ற சி நூலகத்தைப் பயன்படுத்தும் பழைய நிரல்களில், இரண்டு அளவுருக்களைப் பெறும் ஃபங்ஷன் வர வேண்டிய இடத்தில், ஒன்றை மட்டுமே பெறும், நினைவகத்தை விடுவிக்கும் ஜி-ஃப்ரீயை காஸ்ட் செய்து கொடுப்பது வெகுகாலம் பழக்கமாகவே இருந்தது. பரவலான பிராசஸர்களில் முதல் சில அளவுருக்கள் ரிஜிஸ்டர்களில் (பிராசஸருக்குள் உள்ள சிறு சேமிப்பிடங்களில்) போகின்றன. கூடுதலாக வந்ததை அழைக்கப்பட்ட ஃபங்ஷன் கண்டுகொள்வதில்லை. அது ஓடுவதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம், சி மொழி அல்ல. பிரவுசர்களில் ஓடும் நிரல் வடிவமான வெப்அசெம்பிளியில் இதே நிரலை ஓட்டினால், பாயிண்டர் வழியான மறைமுக அழைப்பின்போது ஃபங்ஷனின் வகை ஓடும் நேரத்திலேயே சரிபார்க்கப்படும். பொருந்தாவிட்டால் நிரல் அங்கேயே நிறுத்தப்படும். பைத்தானின் சி நிரலில் இருந்த இத்தகைய காஸ்ட்டுகள், அதை பிரவுசருக்குள் கொண்டுசென்றவர்களுக்குக் கணிசமான தலைவலியைக் கொடுத்தன.

லினக்ஸ் கெர்னலில் இது பாதுகாப்புப் பிரச்சினையாகவே பார்க்கப்பட்டது. பழைய டைமர் கால்பேக் (நேரம் வந்ததும் அழைக்கப்படும் ஃபங்ஷன்) ஓர் அன்சைன்ட் லாங், அதாவது குறியற்ற முழு எண், மதிப்பைப் பெறும். அதற்குள் பாயிண்டரைத் திணித்து அனுப்பி, உள்ளே மீண்டும் பாயிண்டராக்கிக்கொள்வார்கள். 2018 ஜனவரியில் வெளியான 4.15 பதிப்பையொட்டி, டைமர் ஸ்ட்ரக்சரின் பாயிண்டரையே பெறும் வடிவத்துக்கு, நூற்றுக்கணக்கான இடங்களில், இவை மாற்றி எழுதப்பட்டன. பின்னர் 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் கேசிஎஃப்ஐ என்ற காவல் ஏற்பாடு சேர்ந்தது. இதில் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் முன்னால் அதன் வகையிலிருந்து கணக்கிட்ட 32 பிட் ஹாஷ் (அடையாள எண்) வைக்கப்படுகிறது. பாயிண்டர் வழியான அழைப்புக்குச் சற்று முன் அது சரிபார்க்கப்படுகிறது. நினைவகத்தைக் கெடுத்து பாயிண்டரைத் திசைதிருப்பும் தாக்குதலைக் கட்டுப்படுத்துவதே நோக்கம். ஆனால் நம் சொந்த நிரலே வகையை மாற்றி அழைக்குமானால், அந்தக் காவல் நம்மையும் சேர்த்தே பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும்.

மாற்று வழி ஒன்றும் கடினமல்ல. எதிர்பார்க்கப்படும் வகையிலேயே ஒரு சிறு ஃபங்ஷன் எழுதி, தரவு பாயிண்டரின் வகையை அதற்குள் மாற்றிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பெயர்ப் பட்டியலுக்கு நான்கு வரிகள் போதும். வாய்ட் பாயிண்டரிலிருந்து உரிய வகைக்கு மாற சி மொழியில் காஸ்ட்டே தேவையில்லை. வேகம் குறையும் என்று அஞ்சுபவர்கள் அளந்து பார்க்கட்டும். உள்ளே இருக்கும் அழைப்பைக் கம்பைலர் பெரும்பாலும் கரைத்துவிடும். கால்பேக்கின் வகைக்கு டைப்டெஃப் (வகைக்கு வைக்கும் பெயர்) ஒன்றை ஹெடரில் வைத்து, அதைக்கொண்டே ஒவ்வொரு ஃபங்ஷனையும் அறிவித்தால், யாராவது அளவுருவை மாற்றிய அன்றே கம்பைலர் சொல்லிவிடும்.

ஜிசிசி கம்பைலரின் 2018இல் வந்த 8ஆம் பதிப்பு முதல், எக்ஸ்ட்ரா எச்சரிக்கைகளை இயக்கினாலே, பொருந்தாத ஃபங்ஷன் காஸ்ட்டுகளில் பல வெளிச்சத்துக்கு வருகின்றன. எதையும் பெறாமல் எதையும் திருப்பித் தராத ஃபங்ஷன் பாயிண்டர் வகைக்கு அதில் விலக்கு உண்டு. பல வகை ஃபங்ஷன்களை ஒரே அட்டவணையில் சேமித்து, அழைக்கும் முன் உரிய வகைக்குத் திருப்புபவர்களுக்கு அது நேர்மையான வசதி. அதையே எச்சரிக்கையை ஏய்க்கும் குறுக்குவழியாக, இரட்டை காஸ்ட்டாகப் பயன்படுத்தும் நிரல்களும் உள்ளன. அத்தகைய வரி என் மறுபார்வைக்கு வந்தால், அந்தப் பாயிண்டர் எந்த இடத்தில் மீண்டும் சரியான வகைக்குத் திரும்புகிறது என்று காட்டும்படி கேட்கிறேன். காட்ட முடியாத மாற்றத்துக்கு ஒப்புதல் தருவதில்லை.